மெத்தை போட்ட பின்சீட்டு

மார்ச் 6

தங்கை வீட்டில் தர்பார் நடத்தும் மகாராணிக்கு,

கெஞ்சுவதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. போனில் நீ பேசினால் எனக்குக் கேட்காது. எனக்குக் கேட்கிற மாதிரி நீ பேசினால் அந்த அடுக்குமாடி முழுக்கக் கேட்கும். காலமெல்லாம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்த செவிடு இது, வேறென்ன செய்ய. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். பெரிய படகை வாங்குவதா வேண்டாமா என்று இந்த மாசக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். தீவுப் பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் டீச்சர்களை ஏற்றிப்போக வேண்டுமென்றால் கூரை போட்ட படகு வேண்டுமாம், இருபது பேராவது உட்கார வேண்டுமாம். நம்முடையதில் எட்டுப் பேர் ஏறினாலே ஒருத்தர் பை இன்னொருத்தர் மடியில் இருக்கும். நாம் மாட்டோம் என்றால் அந்த வேலையை மீசைக்காரன் படகுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நாம் இரண்டு பேரும் கரையில் நின்று அவனுக்கு டாட்டா காட்டலாம்.

படகு விற்கிற தங்கப்பல் நம் பழையதை எடுத்துக்கொண்டு புதியதைத் தரத் தயார். ஆனால் பழையது நம் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது. அன்றைக்குப் பெருந்தன்மையாக உன் பேரையும் சேர்த்துப் போட்ட என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை. இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டு அனுப்பு.

படகைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்கிற பிழைப்பு இனி இல்லை. கார் மாதிரிச் சாவி. திருப்பினால் ஓடும், சின்னக் குழந்தைகூட ஓட்டலாம். முன்னால் பெரிய கண்ணாடி, அதற்குப் பின்னால் ஸ்டியரிங், ஒரே ஒரு டிரைவர் சீட்டு. ஆழம் காட்டும் மிஷின் இருக்கிறது. கழிப்பறை இருக்கிறது. கடைசி வரிசையில் மெத்தை போட்ட சீட்டு இருக்கிறது.

அந்த மெத்தையைப் பற்றித்தான் அன்றைக்கு ஆசையாகச் சொன்னேன். "இனிமே நீ வெயில்ல காய வேணாம், பின்னாடி மெத்தையில ராணி மாதிரி உக்காந்து வா" என்றேன். இதில் எந்த வார்த்தை கெட்ட வார்த்தை? கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாய், பெட்டியோடு வெளியே வந்தாய். நல்லது சொன்னால் கோபித்துக்கொள்கிற ஜென்மத்தை நான் உன்னிடம்தான் பார்க்கிறேன்.

படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். நீ இல்லையென்று துறையில் யாரும் மூக்கைச் சிந்தவில்லை.

இப்படிக்கு,
காது மட்டும் கேட்காதவன்

மார்ச் 11

படகு முதலாளி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய தாள் சரியான நேரத்தில் வந்தது. தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. மடித்துக் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உங்கள் பென்சில் புள்ளி மேலே தெரிகிற மாதிரிதான் மடித்தேன், மரியாதைக்குக் குறைவில்லை.

படகின் பெருமைகளை மேஜையில் இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினேன். கழிப்பறையாம்! துறையில் ஊற்றிய காபி அக்கரை போகிற வரைக்கும் சூடாக இருக்கும். அதற்குள் யார் எழுந்து போய் உட்காரப்போகிறார்கள்? ஆழம் காட்டும் மிஷின் என்றீர்களே, அது படகுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் என்றுதானே காட்டும்? முன்னால் எவ்வளவு என்று காட்டுமா? குழியில் விழுந்த பிறகு குழியின் ஆழத்தைச் சொல்கிற மிஷினைக் காட்டித் தங்கப்பல் உங்கள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். நீங்களும் தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறீர்கள்.

எந்த வார்த்தை கெட்ட வார்த்தை என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். இங்கே தங்கை என்னை ஒரு வேலை செய்ய விடுவதில்லை. பாத்திரத்தைத் தொட்டால், "நீ சும்மா உக்காருக்கா" என்கிறாள். துணி மடிக்கப் போனால், "நீ சும்மா உக்காருக்கா." நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இதுவும் மெத்தைதான். அதனால் மெத்தையில் ராணி மாதிரி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நம் படகில் என் இடம் முனையில் இருக்கிற பலகை. சாய்மானம் கிடையாது, நிழல் கிடையாது, அலையடித்தால் முதலில் நனைவது நான்தான். அந்த ஆற்றுமுகத்தில் மணல்திட்டு என்றைக்காவது ஒரே இடத்தில் இருந்திருக்கிறதா? ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும். தண்ணீர் எங்கே சுருங்குகிறது, எங்கே நிறம் வெளுக்கிறது என்று பார்த்து வலது கையைத் தூக்குவேன், இடது கையைத் தூக்குவேன், நிறுத்த வேண்டுமென்றால் இரண்டையும் தூக்குவேன். இன்ஜின் சத்தத்தில் வாயால் சொல்லி என்ன பிரயோசனம்? நீங்கள் பின்னால் உட்கார்ந்து கையைப் பார்த்துத் திருப்புவீர்கள். வீட்டில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் என்று ஒன்றுகூட இல்லை. படகில் ஒரு நாள்கூட நமக்குள் சண்டை வந்ததில்லை.

இப்போது முன்னால் கண்ணாடி, ஒரே சீட்டு, அதில் நீங்கள். நான் கடைசி வரிசையில், யாரோ ஏற்றிவிட்ட காய்கறி மூட்டைக்குப் பக்கத்தில். அந்தப் படகில் எனக்கு என்ன வேலை? அதைச் சொல்லுங்கள். கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம்.

அது சரி, போன மாசம்தானே பெயின்ட் அடித்தோம்? மறுபடி எதற்கு?

இப்படிக்கு,
மூட்டை

மார்ச் 15

மூட்டைக்கு,

வேலையா? கையைத் தூக்குவது ஒரு வேலையா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போவதற்குக் கையைத் தூக்குகிறார்கள், அவர்களுக்கெல்லாம் யாராவது சம்பளம் கொடுக்கிறார்களா? ஊரில் முச்சந்திக்கு முச்சந்தி சிவப்பும் பச்சையும் காட்டுகிற கம்பம் நிற்கிறது. அது என்றைக்காவது, "பஸ்ஸை ஓட்டினதே நான்தான்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறதா?

லைசென்ஸ் யார் பேரில்? இன்ஜினைக் கட்டி மாரடித்தது யார்? கயிற்றை இழுத்துத் தோள்பட்டை கழன்றது யாருக்கு? நீ ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னால ஆகாது" என்று கையை உதறிக்கொண்டு போய் உட்கார்ந்தவள்தானே? அந்தத் தண்ணீர் எனக்கு உள்ளங்கை மாதிரி. நீ இருந்ததால் பேச்சுத் துணைக்கு ஆச்சு என்று உட்காரவைத்தேன். அதுவும் பேசக்கூட முடியாத இடத்தில் உட்கார்ந்து வந்தாய், அது வேறு விஷயம்.

உன் கடிதத்தை உன் தங்கை புருஷனும் படித்திருப்பான். அந்த மனுஷனுக்கு லிஃப்ட் நின்றுபோனால் கை கால் நடுங்கும். அவன் என் படகைப் பற்றிச் சிரித்தானாக்கும்.

பெயின்ட் எதற்கு என்று கேட்டிருந்தாய். போன மாசம் அடித்த கலர் எனக்குப் பிடிக்கவில்லை. என் படகு, என் பெயின்ட்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய படகை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். நானே ஓட்டுகிறேன். தினமும் நம்மோடு வருகிற நர்சம்மாவையும் போஸ்ட் மாஸ்டரையும் கூப்பிட்டிருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனுஷன் தனியாக உட்கார்ந்து அக்கரைக்குப் போய்வருவதை நாலு பேர் பார்க்கட்டும். உன் கைக்கு இனி ஓய்வுதான். பென்ஷன் கேட்டு மனுப்போடு.

மேஜைக்குக் கீழே இருக்கும் தாளை எடுத்துத் தூசி தட்டிக் கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
ஓட்டுகிறவன்

மார்ச் 19

மகாராணிக்கு,

வெள்ளோட்டம் பிரமாதம். சாவியைத் திருப்பினால் பூனை மாதிரி உறுமுகிறது. அதிர்வு இல்லை, புகை இல்லை. டீச்சர்கள் ஏறினால் இறங்க மாட்டார்கள்.

நடுவில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாகப் போயிற்று. அந்த நேரத்தில் தங்கப்பல்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். தண்ணீர் வேறு இறங்கியிருந்தது. வெளியூர்க்காரனுக்கு நம் திட்டு எங்கே தெரியும்? யாருக்கும் அடி இல்லை. போஸ்ட் மாஸ்டரின் செருப்பு ஒன்று மட்டும் போய்விட்டது. அவருக்கு அது பழைய செருப்புதான்.

துறையில் யாராவது ஏதாவது சொன்னால் நம்பாதே. மாசக் கடைசி நெருங்குகிறது. தாள் எங்கே?

இப்படிக்கு,
அவசரத்தில் இருப்பவன்

மார்ச் 22

ஓட்டுகிறவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நர்சம்மாவின் போன் வந்துவிட்டது. அவளுக்கு என்மேல் பாசம். அதைவிட, நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, தங்கப்பல்லு பின்னாடி மெத்தையில சாஞ்சு உக்காந்துருந்தான். அண்ணன்தான் ஓட்டினாரு. துறையை விட்டு ஜோராத்தான் கிளம்பினோம். திட்டுப் பக்கம் வந்ததும் அவரு தண்ணியவே பாக்கல. கண்ணாடிக்கு நடுவுல ஒரே இடத்தை முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. திடீர்னு, 'கையத் தூக்குடி! கையத் தூக்குடி!'ன்னு கத்துனாரு. யாரைக் கத்துறாருன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. நான் பயந்துபோயி என் கையத் தூக்கிட்டேன். அதுக்குள்ள படகு மணல்ல ஏறிருச்சு."

எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினீர்களாமே. ஆழம் காட்டும் மிஷின் அப்போது என்ன காட்டியது? கழிப்பறையை யாராவது உபயோகித்தீர்களா? போஸ்ட் மாஸ்டர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடந்து போனாராம், துறையே பார்த்ததாம்.

கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தேன். தங்கை பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தேன், பாதியிலேயே எழுந்துவிட்டேன். யாருமில்லாத கண்ணாடியைப் பார்த்து நீங்கள் கத்தியது காதிலேயே நின்றது. அதற்காக மனசு இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

உட்கார்ந்து யோசித்ததில் இன்னும் சில விஷயம் புரிந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் படகுக்கும் லீவு விட்டீர்கள். "நீ படுத்திருக்கும்போது நான் மட்டும் போவேனா?" என்பீர்கள். நான் அதைப் பாசம் என்று நம்பினேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்! என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா? இப்போதும் நான் கிளம்பிய மறுநாளே பெயின்ட். காயாத பெயின்ட், பிடிக்காத கலர். பயணிகளையெல்லாம் மீசைக்காரன் ஏற்றிப்போவதாக நர்சம்மா சொன்னாள்.

தண்ணீர் உள்ளங்கை மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். அது என் உள்ளங்கை.

கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்லவாவது பழகிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு அதற்கும் ஒருத்தி முன்னால் உட்கார்ந்து கையைத் தூக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
முச்சந்திக் கம்பம்

மார்ச் 25

உனக்கு,

நர்சம்மா இனி அக்கரைக்கு நீந்தித்தான் போக வேண்டும். சொல்லிவிட்டேன்.

அவள் சொன்னது நிஜம். போதுமா? இன்னும் வேண்டுமென்றால் கேட்டுக்கொள். நீ போன மறுநாள் பழைய படகில் ஆளை ஏற்றிக்கொண்டு எப்போதும் போலக் கிளம்பினேன். துறையைத் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தேன். முனையில் பலகை காலியாக இருந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் ஒரே தண்ணீர். இன்ஜின் கோளாறு என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்து கரையேற்றினேன். அப்புறம் பெயின்ட் டப்பாவை வாங்கி வந்தேன். நல்ல பச்சை. பார்க்கச் சகிக்கவில்லை.

பெரிய படகு என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மிஷின் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, இவள் என்ன பெரிய இவள் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாகப் படகோட்டி என்று துறையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். நான் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. உன் முதுகையும் இரண்டு கையையும்தான் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தால் இன்னொரு தடவை விழுந்து விழுந்து சிரிப்பாய். சிரி.

பெரிய படகு வேண்டாம் என்று தங்கப்பல்லிடம் சொல்லிவிடுகிறேன். டீச்சர்களை மீசைக்காரனே ஏற்றிக்கொண்டு போகட்டும். நமக்கு எட்டுப் பேர் போதும். மேஜை ஆடாமல் இருக்கட்டும், தாளை எடுக்காதே. நீ வந்து உன் பலகையில் உட்கார். வந்ததும் பேச ஆரம்பித்துவிடாதே, கையை மட்டும் தூக்கு.

காய்ச்சலுக்கு லீவு விட்டது பாதி பாசம்தான். பாதிக்கு மேல் என்றே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
கரையில் இருப்பவன்

மார்ச் 27

கரையில் இருப்பவருக்கு,

தங்கப்பல்லிடம் அவசரப்பட்டு வாயைத் திறக்காதீர்கள். ஏற்கனவே திறந்திருந்தால் போய் மூடிவிட்டு வாருங்கள். இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

உங்களிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்கிறேன், நர்சம்மா காதுக்குப் போகக் கூடாது. நேற்று இங்கே பஸ்ஸில் போனேன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு கிடைத்தது. முன்னால் பெரிய கண்ணாடி. ரோட்டில் ஒரு இடத்தில் தோண்டிப் போட்டிருந்தார்கள். என்னையறியாமல் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். டிரைவர் மேலே இருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பிரேக்கை அழுத்தினார். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர். "என்னம்மா, இறங்கணுமா?" என்றார் கண்டக்டர். "இல்லீங்க, முன்னாடி பள்ளம்" என்றேன். "அவருக்குத் தெரியாதா? அவருதானே ஓட்டுறாரு" என்றார்.

அந்த டிரைவர் தானே பார்க்கிறார், தானே ஓட்டுகிறார். அதில் ஒரு அதிசயமும் இல்லை. பார்க்கிறவள் ஒருத்தி, ஓட்டுகிறவன் ஒருத்தன் என்று ஒரு படகுக்கு இரண்டு பேரைக் கட்டிப்போட்டு வைத்தது நாம் மட்டும்தான். அதற்குக் காரணம் அந்த ஸ்டார்ட்டர் கயிறு. அதை இழுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் நான் முன்னால் போனேன், நீங்கள் பின்னால் போனீர்கள்.

இப்போது கயிறு இல்லை. சாவி. திருப்பினால் ஓடும், சின்னக் குழந்தைகூட ஓட்டலாம் என்று உங்கள் கைப்பட எழுதியிருக்கிறீர்கள், கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. முன்னால் கண்ணாடி, ஒரே ஒரு டிரைவர் சீட்டு. திட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தானே அதில் உட்கார வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் பெரிய படகை வாங்குகிறோம். டீச்சர்களை நான் ஏற்றிப்போகிறேன். மேஜை மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது, கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. லைசென்சுக்கு எழுதிப் போட்டு நான் தேறுகிற வரைக்கும் உங்கள் லைசென்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள். என் பக்கத்தில் இடமில்லை, அது நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த படகு.

இனிமேல் நீங்கள் வெயிலில் காய வேண்டாம். பின்னால் மெத்தையில் ராஜா மாதிரி உட்கார்ந்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஓட்டப்போகிறவள்

மார்ச் 31

மாண்புமிகு டிரைவரம்மாவுக்கு,

தாள் நேற்று வந்தது. மேஜைக் காலின் தடம் நடுவில் பள்ளமாக விழுந்திருக்கிறது. தங்கப்பல் தடவிப் பார்த்து, "இது என்ன சீலுங்க?" என்றான். வீட்டு முத்திரை என்றேன். பெரிய படகு நம் துறையில் நிற்கிறது. யாரும் அதைத் தொடப்போவதில்லை. எனக்குத் தைரியம் இல்லை, மற்றவர்களுக்குச் செருப்பு இல்லை.

துறையில் எல்லோரிடமும் நான் ஒரு டிரைவரை வேலைக்கு வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து உண்மையைச் சொல்லி என் மானத்தை வாங்காதே. நர்சம்மா ஏற்கனவே வாங்கிவிட்டாள், மிச்சம் கொஞ்சம்தான்.

நேற்றுச் சாயங்காலம் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மெத்தைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை, கரை தெரியவில்லை, டிரைவர் சீட்டின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. நீ அன்றைக்குத் தட்டை ஏன் அப்படி வைத்தாய் என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

அப்புறம் டிரைவர் சீட்டிலும் உட்கார்ந்தேன். எனக்கே கால் கஷ்டப்பட்டுத்தான் தரைக்கு எட்டுகிறது. உன் உயரத்துக்கு இரண்டு காலும் அந்தரத்தில் ஆடும், பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளை ஓட்டுகிறது என்று நினைப்பார்கள். குள்ளச்சிகளுக்கு அளவெடுத்து எவன் படகு செய்கிறான்?

பழைய படகைத் தங்கப்பல் இன்று காலையில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். அதற்கு முன்னால் முனையில் இருந்த உன் பலகையை மட்டும் கழற்றி எடுத்துவிட்டேன். "அது படகோட சேந்ததுங்க" என்று கத்தினான். எனக்குத்தான் காது கேட்காதே. டிரைவர் சீட்டுக்குக் கீழே, உன் கால் வந்து படுகிற உயரத்தில் அதை அடித்து வைத்திருக்கிறேன். ஆடவில்லை, ஏறி நின்று பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர்கள் வந்துவிடுவார்கள். தாமதமாக வந்து தொலைக்காதே.

இப்படிக்கு,
லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவன்